அவர் முகத்தில் ஊர்ந்த ஈசல்

சுனாமி வந்து பத்து வருடம் ஆகப்போகிற சமயம் அது. ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நான் தூத்துக்குடியில் என் அம்மா வீட்டு மாடி அறையில் இருந்தேன். என் கணவர் அந்தமானில், போர்ட் பிளேரில், டெலானிபூர் மேட்டில் இருக்கும் தன் குவார்ட்டர்ஸில் இருந்தார்.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒன்றரை வருடம். எனக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. அவருக்கு அங்கே அரசாங்க ஆபீஸில் வேலை. யார் வேலையை விடுவது என்று முடிவாகாமலே நாள் ஓடிக்கொண்டிருந்தது. லீவு விட்டால் நான் போவேன். வருடத்துக்கு ஒருமுறை அவர் வருவார். மற்ற நாளெல்லாம் வீடியோ காலில்தான் எங்கள் குடித்தனம்.

அந்தத் தீவுகளுக்கு அப்போது இன்டர்நெட் சாட்டிலைட் வழியாகத்தான் போய்வந்தது. நான் ஒரு ஜோக் சொல்லி முடித்து, சரி, இது எடுபடவில்லை என்று நினைத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போன பிறகுதான் அவர் சிரிப்பார். படமும் அடிக்கடி நின்றுவிடும். கண் பாதி மூடி, வாய் ஒரு பக்கம் கோணி, பார்க்கவே ஒரு மாதிரியாக இருக்கும். புதிதில் எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது, முகத்தைத் திருப்பிக்கொள்வேன். போகப்போகப் பழகிவிட்டது. கட் பண்ணினால் மறுபடி கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் படம் நின்றால் யாரும் கட் பண்ணக் கூடாது, தானாக வரும்வரை பேசாமல் காத்திருக்க வேண்டும் என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தமே இருந்தது.

பேச விஷயம் இல்லாவிட்டாலும் கால் ஓடிக்கொண்டிருக்கும். அவர் அங்கே துணி மடிப்பார், நான் இங்கே பேப்பர் திருத்துவேன். நடுநடுவே நிமிர்ந்து பார்த்துக்கொள்வோம். ஒரே வீட்டில் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு.

இதில் எனக்குக் கடைசிவரை பழகாத விஷயம் ஒன்றுதான். கடிகாரம் இரண்டு இடத்திலும் ஒரே மணி காட்டும், ஆனால் அங்கே வெகு சீக்கிரம் இருட்டிவிடும். என் ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகத்துக்குப் பின்னால் கறுப்பாக இருக்கும். அவர் ஏதோ ஒரு கிணற்றுக்குள் இருந்து என்னைப் பார்ப்பது போல இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் மூன்று நாளாக அங்கே பேய்மழை. மரம் விழுந்து டெலானிபூர் பக்கம் முழுக்க கரண்ட் இல்லை. போனில் மட்டும், அதுவும் அரைகுறையாகத்தான் பேசினோம். அன்றைக்கு அவரே வீடியோவில் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பத்தி இன்னும் வரல. ஆபீஸ் ஃபிரெண்டுகிட்ட ஜெனரேட்டர் வாங்கிட்டு வந்துட்டேன். உன்னைப் பாக்கணும்னே போட்டேன்" என்றார். அந்தமான் தமிழர்களுக்குக் கரண்ட் என்றால் பத்திதான். ஹிந்தியில் இருந்து வந்து ஒட்டிக்கொண்ட வார்த்தை.

மழைச்சாரல் அடிக்கிறதென்று ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்தார். ஜெனரேட்டரை நனையாமல், கம்பியடித்துப் பூட்டின பின்பக்கத் தாழ்வாரத்தில் வைத்து, சுற்றிலும் தார்ப்பாய் கட்டியிருந்தாராம். வயரை உள்ளே கொண்டுவர சமையலறைக் கதவு மட்டும் திறந்திருந்தது. இதையெல்லாம் பெருமையாகச் சொன்னார். நானும் கெட்டிக்காரர்தான் என்று மெச்சினேன். இரண்டு பேருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

அவர் தலைக்கு மேல் ஒரு பல்பு தொங்கியது. அந்த மேடு முழுக்க இருட்டு, இவர் வீட்டில் மட்டும்தான் வெளிச்சம். எந்த இடுக்கு வழியாக வந்தனவோ, பல்பைச் சுற்றி ஈசல் கூட்டமாகப் பறந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டரின் உறுமல் விடாமல் கேட்டது.

கொஞ்ச நேரம் பேசினோம். தலை வலிக்கிறது என்றார். மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை, அதனால்தான் என்று அவரே சொல்லிக்கொண்டார். படுங்கள் என்றேன். "வேணாம், கொஞ்ச நேரம் இரு. நீ பேப்பர் திருத்து, நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்றார். பேச்சு வழக்கத்தைவிட இழுவையாக வந்தது. லைன்தான் இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் பேப்பரில் குனிந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று தெரியாது. அவர் குரல் கேட்டது.

"உன் பின்னாடி யாரு?"

திரும்பிப் பார்த்தேன். என் அறைக் கதவு திறந்திருந்தது. அதற்கு அப்பால் மாடிப்படி. சுவரில் சாயங்கால வெயில். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"யாருமில்லையே?"

என் பதில் அங்கே போய்ச் சேரும்வரை அவர் என் தோளுக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா நிக்கிறாங்க பாரு."

"எங்கம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க. நீங்க போய்ப் படுங்க."

அவர் சின்னப்பிள்ளை மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டினார். "உங்கம்மா இல்ல. எங்கம்மா."

அவருடைய அம்மாவை நான் பார்த்ததே இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து திரும்பி வந்து, கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியேறின குடும்பம் அவர்களுடையது. சுனாமி அன்று இவர் போர்ட் பிளேரில் இருந்தார். அம்மாவும் அப்பாவும் கச்சாலில் இருந்தார்கள். இருவரும் கிடைக்கவே இல்லை. அந்தப் பேச்சை அவர் எடுக்கவே மாட்டார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒருமுறை சொன்னதோடு சரி. அதை வைத்து விளையாடுகிற மனிதர் இல்லை அவர்.

"தலையெல்லாம் நனைஞ்சிருக்கு" என்றார். "ஒரு துண்டு எடுத்துக் குடு அவங்களுக்கு."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு படம் நின்றுவிட்டது.

என்னால் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்க முடியவில்லை. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் இருக்கும்போதே, நான் பிறந்து வளர்ந்த வீட்டில், கழுத்தைத் திருப்பப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்து ஈரக்காற்று வருகிற மாதிரிகூட இருந்தது. பேப்பரில் கண் போகவில்லை. பின்னால் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அவர் முகத்தை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல படம் தானாக ஓடட்டும் என்று காத்திருந்தேன்.

அப்போதுதான் ஜெனரேட்டர் சத்தம் காதில் உறைத்தது. படம் நிற்கும்போது சத்தமும் சேர்ந்து நின்றுவிடும், எப்போதும் அப்படித்தான். இப்போது அந்த உறுமல் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. தகரத்தில் மழை விழுகிற சத்தமும் வந்தது.

பல்பைப் பார்த்தேன். ஈசல்கள் பறந்துகொண்டிருந்தன.

ஒரு ஈசல் அவர் கன்னத்தில் வந்து விழுந்தது. இறக்கையை உதிர்த்துவிட்டு மேலே ஊர்ந்தது. மூக்கின் ஓரமாகப் போய், பாதி மூடியிருந்த இமையின் மேல் ஏறி நின்றது. அவர் இமைக்கவில்லை.

படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அசையாமல் இருந்தது அவர்தான்.

அவரைக் கூப்பிட்டுக் கத்தினேன். எவ்வளவு கத்தினேன் என்று தெரியாது, பக்கத்து வீட்டு அக்கா மாடியில் இருந்து எட்டிப் பார்த்தார். செல்லை எடுத்து அவர் நம்பருக்கு அடித்தேன். ரிங் போனது. சற்று நேரத்தில் லேப்டாப்புக்குள் அவருடைய போன் பாட ஆரம்பித்தது. மேஜையில், அவர் கைக்குப் பக்கத்திலேயே அது வெளிச்சம் போட்டுக்கொண்டு அதிர்ந்தது. திரையில் என் பெயர் இருந்திருக்கும். அவர் விரல்கூட அசையவில்லை. இன்றைக்கும் அந்த ரிங்டோன் பஸ்ஸில் யாருடைய போனிலாவது அடித்தால் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுகிறேன்.

108-க்கு அடித்தால் தமிழ்நாட்டில் எடுத்தார்கள். அந்தமான் என்றதும் அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குவார்ட்டர்ஸில் மேல்வீட்டு பெங்காலிக் குடும்பம் வடக்கே டிக்லிபூருக்குப் போயிருப்பதாக முந்தின நாள்தான் அவர் சொல்லியிருந்தார். அவருடைய ஆபீஸ்காரர்கள் நம்பர் ஒன்றும் என்னிடம் இல்லை. ஒன்றரை வருடமாகத் தினமும் அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த வீட்டுக் கதவைத் தட்ட ஒரு ஆளைத் தெரியவில்லை.

கடைசியில் போனில் 'கடை பாய்' என்ற பெயர் கண்ணில் பட்டது. மே மாத லீவில் அங்கே இருந்தபோது, மேட்டுக்குக் கீழே திருப்பத்தில் இருக்கும் மளிகைக் கடைக்குப் போன் பண்ணி அரிசி, பருப்பு சொல்வேன். ராமநாதபுரம் பக்கத்துக்காரர், ரொம்ப வருடமாக அங்கேயே கடை வைத்திருந்தார். விலையைத் தவிர நாங்கள் வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை.

மூன்றாவது தடவைதான் லைன் கிடைத்தது.

"பாய், நான் டெலானிபூர் குவார்ட்டர்ஸ்ல..." என்று ஆரம்பித்தேன்.

"கடை சாத்திட்டேன் தங்கச்சி. சாத்தாம் ஜெட்டில நிக்கிறேன், ஃபெர்ரி வந்துருச்சு. நாளைக்குக் காலையில சாமான் அனுப்பவா?"

அவர் வீடு துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், பாம்பூஃப்ளாட்டில். தினமும் ஃபெர்ரியில் வந்துபோகிறவர். போனில் எஞ்சின் சத்தமும் ஆட்கள் நெருக்கியடித்து ஏறுகிற சத்தமும் கேட்டன. அவர் ஏறிவிட்டால் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்தது. என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. "என் வீட்டுக்காரர் கண்ணு முன்னாடி செத்துக்கிட்டு இருக்காரு பாய், நான் தூத்துக்குடியில இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று கத்தினது மட்டும் ஞாபகம் இருக்கிறது. வேறு யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "போனை வெச்சுடாத" என்றார். பிறகு ஹிந்தியில் யாரையோ, "ஹட்டோ பாய், ஹட்டோ" என்று விலக்கிக்கொண்டு ஓடுகிற சத்தம்.

ஆட்டோவில் ஏறினார். மழையில் ஆட்டோ அலறிக்கொண்டு மேடு ஏறியது. ஒரு காதில் செல், கண் லேப்டாப்பில். அவருக்கு நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். தலை ஒரு பக்கம் சாய்கிறது பாய். வாய் திறந்திருக்கிறது பாய். முகத்தில் இன்னும் ஈசல் உட்காருகிறது பாய். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கேட்டார். அந்த மங்கல் படத்தில் எனக்கு எப்படித் தெரியும்? சட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அசைகிற மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது.

"பதறாத தங்கச்சி. பாத்துக்கிட்டே இரு. கண்ணை எடுக்காத" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு. ஆட்டோவை விட்டிறங்கிப் படியேறுகிறார் என்று புரிந்தது.

அப்புறம் கதவு இடிபடும் சத்தம். முதலில் செல்லில் கேட்டது. தட், தட், தட். நான் திரையைப் பார்க்கிறேன், அங்கே அமைதி. இரண்டு மூச்சு விடுகிற நேரம் கழித்து லேப்டாப்பில் அதே இடி, அதே மூன்று தடவை. ஒரே கதவு என் இரண்டு காதிலும் தனித்தனியாக இடிபட்டது. ஒவ்வொரு இடிக்கும் அவர் நிமிர்ந்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் அந்தச் சிரிப்போடேயே சாய்ந்திருந்தார்.

"தர்வாஜா நஹீ குலேகா! கிட்கி தோடோ!" என்று பாய் ஆட்டோக்காரரிடம் கத்தினார். கதவு திறக்காது, ஜன்னலை உடை என்று. செல்லில் கண்ணாடி நொறுங்கியது. அடுத்த நிமிடம், "யா அல்லா, என்ன புகை!" என்றார். யாரோ ஜெனரேட்டரை நிறுத்தியிருக்க வேண்டும். உறுமல் சட்டென்று அடங்கியது. பல்பு அணைந்தது. வீடியோ காலும் அதோடு செத்துப்போனது.

என் லேப்டாப்பில் இப்போது என் முகம் மட்டும்தான் தெரிந்தது. எனக்குப் பின்னால் திறந்த கதவும், வெயில் போய்விட்ட மாடிப்படியும் தெரிந்தன. செல்லில் சில பேர் ஹிந்தியில் கத்துவது கேட்டது, பிறகு அதுவும் அறுந்துபோனது. மறுபடி அடித்தால் ஸ்விட்ச் ஆஃப்.

அந்த நேரம் எப்படிக் கழிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அம்மா வந்தார். பக்கத்து வீட்டு அக்கா வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் விளக்கேற்றின பிறகு தெரியாத ஒரு நம்பரில் இருந்து போன் வந்தது. பாய்தான். ஆட்டோக்காரர் போனில் இருந்து பேசினார்.

"மூச்சு இருக்கு தங்கச்சி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். ஆக்சிஜன் வெச்சிருக்காங்க. கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தான்மா, பாத்துட்டு, கடை தொறந்திருக்கான்னு கேக்குறான்!"

அழுதுகொண்டே சிரித்தேன். பாயும் அந்தப் பக்கம் அழுதார் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த நாள் சென்னை வழியாக விமானம் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். மூடின வீட்டுக்குள் ஜெனரேட்டர் புகை நிறைந்ததுதான் காரணம், அதில் இருக்கும் விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது, தூக்கம் வருகிற மாதிரிதான் ஆளை அமுக்கும் என்று டாக்டர் விளக்கினார். மூளைக்குக் காற்றுப் போகாதபோது இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்றும் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். கடல் கொந்தளிப்பால் ஃபெர்ரியை நிறுத்திவிட்டதால் பாய் வீட்டுக்கே போகவில்லை, வார்டு வாசல் பெஞ்சில்தான் இருந்திருக்கிறார். காலில் விழப்போனேன். இரண்டடி தள்ளிப் போய்விட்டார். "நான் சும்மா ஓடுனேன். நீதானேம்மா பாத்த" என்றார். வேறெதுவும் சொல்லவிடவில்லை.

அவர் தேறிவிட்டார். கொஞ்ச நாள் தலைவலியும் மறதியும் இருந்தன, பிறகு அதுவும் போனது. ஆனால் அந்தச் சாயங்காலத்தில் ஜெனரேட்டரைப் போட்டது வரைதான் அவருக்கு ஞாபகம். தலை வலிக்கிறது என்று சொன்னதுகூட நினைவில்லை. அம்மா பேச்சை நான் எடுக்கவில்லை. உடம்பு தேறட்டும் என்று இருந்தேன். அடுத்த லீவில், அந்த வீட்டிலேயே ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். இனியும் என்னோடே வைத்திருக்க முடியவில்லை.

அவர் பயப்படுவார், இல்லாவிட்டால் சிரித்து மழுப்புவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"முகம் எப்படி இருந்துச்சுன்னு சொன்னேனா?"

"இல்லங்க. தலை நனைஞ்சிருக்குன்னு மட்டும் சொன்னீங்க. துண்டு குடுக்கச் சொன்னீங்க."

"ஒரு போட்டோகூட இல்ல பாரு எங்கிட்ட. வீட்டோட எல்லாம் போயிடுச்சு. இப்பல்லாம் நெனச்சுப் பாத்தா அவங்க முகம் சரியா வர மாட்டேங்குது." தட்டைத் தள்ளி வைத்தார். "எல்லாம் மறந்திருக்கட்டும். அதை மட்டும் ஞாபகம் வெச்சிருந்திருக்கலாம்."

நான் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வேறென்ன செய்வது?

அந்த வருடமே வேலையை விட்டுவிட்டு அங்கேயே போய்விட்டேன். இப்போது போர்ட் பிளேரில்தான் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். ஆபீஸ் வேலையாக அவர் கார் நிக்கோபார் தீவுக்குப் போகும்போது மறுபடி அதே வீடியோ கால், அதே நின்றுபோகும் படம். நான் காத்திருப்பதில்லை. உடனே போனில் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறேன். கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்கிறார்களாம். செய்துகொள்ளட்டும்.

டாக்டர் சொன்னதை நான் அப்படியே நம்புகிறேன். என் பின்னால் யாரும் நிற்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் அன்றைக்கு அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால், நான் பேப்பரில் குனிந்தபடியே இருந்திருப்பேன், நின்றுபோன படம் தானாக ஓடும் என்று பொழுது சாயும்வரை காத்திருந்திருப்பேன். அதை நினைக்கும்போதெல்லாம், பார்த்தே இராத அந்த அம்மாவை என் மனம் கையெடுத்துக் கும்பிடுகிறது.